வலம் போன சொல்

புன்னைத்துறைக்காரர்களாகிய நாங்கள் வளையத்துக்குள் ஆசைப்பட்டுக் குடியேறவில்லை. பெரும்புயல் ஒன்று வந்து கடலோரத்து வீடுகளின் கூரைகளை எல்லாம் வாரிக்கொண்டு போனபிறகு, ஊருக்கு மேற்கே தேரிக்காட்டுச் செம்மணலில், அரசாங்கம் எப்போதோ ஒரு பெரிய ஆராய்ச்சிக்கென்று கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்டுப் போயிருந்த வட்டச் சுரங்கத்துக்குள், பாயும் பாத்திரமும் கோழியும் மாதா படமும் சுமந்துகொண்டு போய் ஒண்டினோம். ஒண்டினவர்கள் அங்கேயே தங்கிவிட்டோம்.

அது மணலுக்கு மேலே பாதியும் மணலுக்குள்ளே பாதியுமாக, ராட்சதன் ஒருவன் சுட்ட உளுந்து வடையை அவன் தின்ன மறந்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது. உள்ளே இரண்டு லாரிகள் பக்கம் பக்கமாகப் போகிற அகலம். திசைக்கு ஒன்றாக இருந்த வாசல்களில் ஒன்றில் நுழைந்து வலப்பக்கம் திரும்பி நடந்தால், வளைகிறோம் என்பதே தெரியாமல் வளைந்து வளைந்து, கடைசியில் நுழைந்த வாசலுக்கே இடப்பக்கமாக வந்து சேர்வோம். உள்சுவரை ஒட்டி ஓலைத் தட்டிகள் வைத்து வீடு வீடாகப் பிரித்துக்கொண்டோம், வெளிச்சுவரை ஒட்டித் தெரு விட்டோம், நடுவில் இருந்த திறந்த மணலில் வலை காயப்போட்டோம். அக்கினி வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருந்ததால், புயல் வீடு கட்டித் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களிடம், மெதுவாகக் கட்டுங்கள், அவசரம் இல்லை என்று சொல்லி அனுப்பினோம்.

ஆராய்ச்சியை மூடிவிட்டுப் போன கூட்டத்தோடு போகாமல் நின்றுவிட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜெயராக்கினி. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால், முதல் வாரத்தில் எங்களில் பாதிப்பேர் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் அவரிடம்தான் போனோம். தான் அந்த டாக்டர் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார், சொல்லிவிட்டு மாத்திரையும் தந்தார், ஆகவே நாங்கள் தொடர்ந்து போனோம். மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அறையில், சோற்றுத் தட்டின் அளவுக்கு ஒரு கறுப்பு வளையத்தை வைத்துக்கொண்டு, அதன் ஓட்டைக்குள் விட்டு வெளியே இழுத்து, மறுபடி ஓட்டைக்குள் விட்டு வெளியே இழுத்து, தலைப்பின்னல் போட்டதுபோல் நெருக்கமாகக் கம்பி சுற்றியிருந்தார். அதன்மேல் புகை கக்குகிற ஒரு குளிர்த் திரவத்தை ஊற்றுவார். அந்தக் குளிரில் அது மீக்கடத்தி ஆகிவிடும் என்றும், மீக்கடத்திக்குள் மின்சாரத்துக்குக் களைப்பு என்பதே கிடையாது என்றும், ஒருமுறை ஓடவிட்டால் தள்ள ஆள் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும் என்றும் சொன்னார். அப்படி ஓடும்போது பிறக்கிற காந்த சக்தி, வளையத்துக்குள்ளேயே தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு சுற்றுமாம். வெளியே பக்கத்திலேயே திசைகாட்டியை வைத்தாலும் முள் அசையாதாம். அதற்கு டோராய்டல் மொமெண்ட் என்று பெயர் சொன்னார். எங்கள் வாயில் அது இரண்டே நாளில் தோராயம் என்று ஆகிவிட்டது. தோராயம் எப்படி இருக்கிறது டாக்டரம்மா என்று போகிறபோதும் வருகிறபோதும் விசாரித்தோம்.

வெளியே ஒன்றுமே தெரியாதென்றால் உள்ளே ஒன்று இருக்கிறதென்று எதை வைத்து நம்புவது என்று ஆடு வளர்க்கிற பிரகாசியம்மாள் ஒருநாள் கேட்டாள். ஜெயராக்கினி அந்தக் கேள்வியில் சந்தோஷப்பட்டுப்போனார். அதைத் தொடாமல் அதைச் சுற்றிவிட்டு வருகிற ஒன்று, போனபோது இருந்த மாதிரியே திரும்பி வராது, அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். சுற்றுக்கோயில் யாத்திரை போய்விட்டு வருகிறவர்களைப்போல என்று பிரகாசியம்மாள் புரிந்துகொண்டாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றார் அவர்.

மாசி மாதத்தில் ஒருநாள், மின்கலத்தைக் கழற்றிய பிறகும் அவருடைய மீட்டரின் முள் இறங்கவில்லை. கறுப்பு வளையத்துக்குள் மின்சாரம் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அறையை விட்டு ஓடிவந்து, எதிரே வந்த எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். அன்று மத்தியானம்தான் பிரகாசியம்மாள் தன் ஆட்டைக் கூப்பிட்டாள்.

ஏ கருப்பி, இங்க வா என்று எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். கருப்பி வந்தது. அதைக் கட்டிப்போட்டு, மீனை ஆய்ந்து கழுவி, குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, இடப்பக்கத்திலிருந்து அவளுடைய குரலே தெருவோடு நடந்து வந்து, ஏ கருப்பி, இங்க வா என்று சொல்லிக்கொண்டே அவள் வாசலைத் தாண்டி வலப்பக்கமாகப் போயிற்று. கருப்பி எழுந்து கயிற்றை இழுத்தது. குழம்பு கொதித்து இறக்குகிற நேரத்துக்கு அது மறுபடியும் வந்தது. மறுநாளும் வந்தது. குரலில் ஒரு துளி தேயவில்லை, ஒரு எழுத்து உதிரவில்லை, கூப்பிட்ட கணத்தில் இருந்த பிரியமும் அப்படியே இருந்தது. ஒரு வாரம் பார்த்த பிரகாசியம்மாள் ஆட்டுக்கு ராணி என்று வேறு பெயர் வைத்தாள். ஆடும் தன் பழைய பெயர் தெருவில் போகும்போது திரும்பிப் பார்க்காமல் அசைபோடக் கற்றுக்கொண்டது.

நாங்களும் அதைப்போலவே கற்றுக்கொண்டோம். இருமலும் தும்மலும் பாத்திரச் சத்தமும் பிறந்த இடத்திலேயே விழுந்து செத்தன. உப்பு இருக்கா, தண்ணி வந்துட்டா என்று அன்றாடம் பேசுகிற பேச்சும் இரண்டு வாசல் தாண்டுவதற்குள் மணலில் விழுந்தது. எவன் எதை முழு மனசோடு சொன்னானோ அது மட்டும் விழாமல் நடந்தது, சொன்னவன் முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமாக நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. வளையத்தை விட்டு வெளியே ஒரு எட்டு வைத்தால் ஒன்றுமே கேட்காது. விசாரிக்க வந்த அதிகாரி ஒருவர் வெளியே நின்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லையே என்றார். உள்ளே வந்தும் பார்க்கச் சொன்னோம். உள்ளே வந்து, கருப்பியைக் கூப்பிடுகிற குரல் தன் தோளை உரசாத குறையாகக் கடந்துபோவதைக் கேட்டு, நான்சென்ஸ் என்றார். முழு மனசோடுதான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நான்சென்ஸ் இன்றைக்கும் கம்பீரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

மாதா கோயில் பங்குசாமி உள்ளே வந்து ஒரு பிரசங்கம் வைத்தார். நீண்ட பிரசங்கம். அதில் நடந்து வந்தது, காத்துக்கு வழியே இல்லையா இங்க என்று இடையில் அவர் கேட்ட ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு அவருடைய பிரசங்கங்கள் சுருங்கின, நன்றாகவும் ஆயின. சண்டை போட வேண்டியவர்கள் வெளியே தேரி மணலுக்குப் போய்ப் போட்டார்கள், போகிற வழியிலேயே பாதிச் சண்டை ஆறிப்போயிற்று. கட்டிக்கொள்கிறேன் என்று ஒருத்தியிடம் உள்ளேயே சொன்ன ஒருவன், அது வீடு வீடாகப் போய் இரண்டு குடும்பத்துக்கும் தகவல் சொல்லிவிட்டதால், தரகர் இல்லாமலே மாப்பிள்ளை ஆனான். சொல்ல நினைத்த எதையும் வாய்க்குள் ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிற பழக்கம் எங்களுக்கு வந்தது. வெளியூர்க்காரர்கள் எங்களைக் கனமான ஆட்கள் என்று மதிக்கத் தொடங்கினார்கள்.

ஒரு விஷயத்தைப் பின்னால்தான் கண்டோம். குடம் ஒன்றுக்காக ஓரகத்திகள் இருவர் முட்டிக்கொண்டபோது, ஒருத்தி வலப்பக்கம் பார்த்து அது என் குடம் என்றாள், மற்றவள் இடப்பக்கம் பார்த்து அது உன் குடம் இல்லை என்றாள். இரண்டும் இரண்டு பக்கமாகச் சுற்றிப்போய் மேற்கு வாசலருகே எதிரும் புதிருமாகச் சந்தித்தன. அங்கே நின்றவர்களுக்கெல்லாம் காது அடைத்துத் திறந்தாற்போல் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாக்கியமும் இல்லை. ஜெயராக்கினிக்கு இதைக் கேட்டதும் கை கால் நிலைகொள்ளவில்லை. தன் வளையத்திலும் இதுதான் நடக்கும் என்றார். எத்தனை சுற்று வலமாகச் சுற்றினோமோ அத்தனை சுற்று இடமாகவும் சுற்றி, ஒரே அளவு மின்சாரத்தை விட்டால், உள்ளே ஒன்றுமே மிஞ்சாது என்றும், ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் கூடினது மிஞ்சி நிற்கும் என்றும் விளக்கினார். ஓரகத்திகள் அந்தக் குடத்தை ஜெயராக்கினிக்கே கொடுத்துவிட்டார்கள்.

இப்படியாக நாங்கள் நன்றாகவே இருந்தோம், ஆடி மாதம் வரும்வரைக்கும்.

சந்தியாகு எங்களில் கைசுத்தமான தொழிலாளி. சொந்தமாகப் பைபர் வள்ளம் வைத்திருந்தான். செலின் என்ற மனைவி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த ஒரு மகள். அவனோடு கடலுக்குப் போகிறவர்கள் இருவர், ஒருவன் சூசை, இன்னொருவன் கிளமெண்ட். கிளமெண்ட், அந்தோணிப்பிச்சை என்பவரின் ஒரே மகன். தாய் இல்லாத பையன். அந்தோணிப்பிச்சை ஒரு காலத்தில் எங்கள் கரையிலேயே பெரிய வலைக்காரர், மனைவி இறந்தபிறகு கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, வலை பின்னுவதோடு நிறுத்திக்கொண்டவர். மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, சந்தியாகுவின் கையில் ஒப்படைத்திருந்தார்.

ஆடிக் காற்றில் வள்ளம் போன அன்று, அது அலையோடு ஒதுங்கி, கிளமெண்ட் இல்லாமல் கரைக்குத் திரும்பி வந்தது. சூசை பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான், அவனை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சந்தியாகு கரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை, என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவுமில்லை. மறுநாள் அலை கிளமெண்டைக் கொண்டுவந்து தெற்குக் கரையில் போட்டது. பாயில் வைத்துத் தூக்கி வளையத்துக்குள் கொண்டுவந்து அந்தோணிப்பிச்சையின் வாசலில் இறக்கினோம். சந்தியாகுவும் பாயின் ஒரு முனையைப் பிடித்து வந்தான். அந்தோணிப்பிச்சை மகன் முகத்தைப் பார்த்தார், பிறகு சந்தியாகுவின் முகத்தைப் பார்த்தார், எழுந்து நின்று சொன்னார்:

"நீதாம்ல எம் மவனக் கொன்னது."

அவர் வலப்பக்கம் பார்த்து நின்றிருந்தார். அந்தச் சொல் வலமாக நடந்தது. நாங்கள் அதுவரை கேட்ட எந்தச் சொல்லும் அப்படி நடந்ததில்லை. சுவரெல்லாம் அதற்கு ஒதுங்கிய மாதிரி இருந்தது, அடுப்புகளில் நெருப்பு ஒரு கணம் படுத்து எழுந்தது. சந்தியாகு பாயை விடவில்லை. அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது, அது எங்களுக்கு முன்னால் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

சூசைக்கு நினைவு திரும்பப் பல நாள் ஆயிற்று. திரும்பினதும் அவன் முதலில் கேட்டது கிளமெண்டைப் பற்றி, இரண்டாவதாகச் சொன்னது சந்தியாகுவைப் பற்றி. எஞ்சின் விசிறியில் வலை சிக்கிக்கொண்டது, அலை அடங்கட்டும் பொறு என்று சந்தியாகு தடுத்தும் கேட்காமல் கிளமெண்ட்தான் கத்தியோடு இறங்கினான், வள்ளத்தை அலை தூக்கிப்போட்டபோது அவன் காணாமல் போனான். அவனைத் தேடிச் சந்தியாகு குதித்தான், மூழ்கி எழுந்து மூழ்கி எழுந்து தேடினான், மேலே வரச் சொல்லியும் வரவில்லை. சூசைதான் அவன் இடுப்பில் கயிற்றைப் போட்டு, சாகக் கிடந்தவனை மேலே இழுத்தான். அந்த இழுவையில்தான் சூசைக்குத் தலையில் அடிபட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சூசை இதைச் சொல்லும்போது, பக்கத்தில் நின்று கேட்டவர்களில் அந்தோணிப்பிச்சையும் ஒருவர்.

அவர் அங்கிருந்து நேரே வந்து சந்தியாகுவைத் தேரிக்கு அழைத்துப் போனார். அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றார். விடுங்க மாமா, நானா இருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பேன் என்றான் சந்தியாகு. இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்தச் செம்மணலில் நின்றதை நாங்கள் தூரத்திலிருந்து பார்த்தோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அவர்கள் வளையத்துக்குள் சேர்ந்து நுழைந்தபோது, நீதாம்ல எம் மவனக் கொன்னது என்று அந்தோணிப்பிச்சையின் குரல் இருவருக்கும் நடுவே புகுந்து போயிற்று. சொன்னவர் அதை நம்பவில்லை, கேட்டவன் மன்னித்துவிட்டான், ஊரில் ஒருவரும் அதை உண்மை என்று நினைக்கவில்லை. அதற்கு இவை எதுவும் தெரியாது. அது பிறந்த கணத்தில் முழுசாக இருந்தது, அப்படியே இருந்தது.

குழம்பு கொதிக்கிற நேரத்துக்கு ஒருதரம் அது சந்தியாகுவின் வாசலைக் கடந்தது. செலின் அது வருகிற நேரம் பார்த்து அம்மியை இழுத்துச் சத்தமாக அரைப்பாள். ஒருநாள் மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே, கிளமெண்ட் அண்ணனை யாரோ கொன்னுட்டாங்கன்னு தாத்தா சொல்லிட்டே போறாரே, அது யாருப்பா என்று கேட்டாள். சந்தியாகு சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். அன்று மாலையே, செலினின் அண்ணன் ஊருக்குக் குடியைப் பெயர்த்துவிடுவதென்று அவன் முடிவு செய்துவிட்ட செய்தி வளையம் முழுக்கப் பரவியது. வள்ளத்தையும் விற்றுவிடப் போகிறான் என்றார்கள்.

அவனைப் போகவிடுவதில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். ஊர் கூடி, தெருவை மறித்து மணல் மூட்டைகளை அடுக்கினோம். மூட்டைகளுக்குள் ஈரம் கசிவதுபோல் நுழைந்து அந்தச் சொல் மறுபக்கம் வந்தது. வலைகளைக் கட்டினோம், மெத்தைகளைக் கட்டினோம், கொட்டு அடித்துப் பார்த்தோம். சந்தியாகு நல்லவன் என்று ஆளுக்கு ஒருதரம் கத்திப் பார்த்தோம். எங்கள் மனசெல்லாம் முழுசாகத்தான் இருந்தது, ஆகையால் அவையும் விழாமல் சுற்றின. ஆனால் அவை அந்தச் சொல்லை எதிரே பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டன. மகனைப் பறிகொடுத்தவன் சொன்னதற்கு முன்னால், பறிகொடுக்காதவன் சொன்னது என்ன எடை இருக்கும்?

ஜெயராக்கினி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாசி மாதத்திலிருந்து ஒருநாளும் குளிர் குறையவிடாமல், தூக்கம் கெட்டு, அந்தக் கறுப்பு வளையத்துக்குள் மின்சாரத்தை உயிரோடு வைத்திருந்தார். தேடிவந்ததைக் கண்டுபிடிக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்று முந்தின வாரம்கூடச் சொல்லியிருந்தார். இந்த அதிசயம் என் வளையத்தில் தொடங்கின அன்றுதான் உங்கள் வளையத்திலும் தொடங்கியது, இதை அணைத்தால் அதுவும் அணையலாம் என்றார். உங்கள் உழைப்பு வீணாகிவிடும், வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அந்தோணிப்பிச்சை. ஜெயராக்கினி கேட்கவில்லை. குளிரை ஊற்றுவதை நிறுத்தினார். புகை அடங்கியது, வளையத்தின்மேல் பூத்திருந்த வெண்பனி கரைந்து மேஜையில் சொட்டியது, மீட்டரின் முள் மெதுவாகச் சாய்ந்து படுத்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் கருப்பியைக் கூப்பிட்டுக்கொண்டு பிரகாசியம்மாளின் குரல் போயிற்று. அதன் பின்னாலேயே நான்சென்ஸ் போயிற்று. அதற்குப் பின்னால் அதுவும் வந்தது.

"அப்போ இது என்னோடது இல்ல," என்றார் ஜெயராக்கினி. கைகளைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தோணிப்பிச்சையின் பக்கம் திரும்பி, இது நீங்கள் சுற்றின சுற்று, எதிர்ச்சுற்றையும் நீங்கள்தான் சுற்ற வேண்டும், அதே அளவு இருக்க வேண்டும் என்றார்.

அந்தோணிப்பிச்சை அப்போதே தெருவில் இறங்கி, இடப்பக்கம் பார்த்து நின்று, நீ கொல்லலடே என்று சொன்னார். அது நான்கு வீடு போயிற்று, எதிரே வந்ததைப் பார்த்ததும் தரையில் விழுந்தது. மறுபடி சொன்னார். உரக்கச் சொன்னார். தொண்டை கட்டுகிறவரை சொன்னார். வலமாக வந்த சொல்லின் ஓரத்தில் ஒரு சிறு பொறி உதிர்ந்ததாகச் சிலர் சொன்னார்கள், அவ்வளவுதான். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு வந்த சத்தம் இப்ப எங்கிட்ட இல்லம்மா," என்று ஜெயராக்கினியிடம் சொன்னார். "அது நான் கத்துனது இல்ல. அவன் போனது கத்துனது."

ஜெயராக்கினி அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

சந்தியாகு சாமான்களை ஏற்ற வண்டி பேசியிருந்தான். வண்டி வருகிற அன்று காலையில் அந்தோணிப்பிச்சை அவன் வாசலுக்கு வந்து நின்றார். போகிறவனைத் தடுக்க வரவில்லை என்றும், ஒன்று கேட்க வந்தேன் என்றும் சொன்னார். சூசை சொன்னது முடிவை மட்டும்தான். அன்றைக்குக் காலையில் வள்ளம் ஏறினதிலிருந்து கிளமெண்ட் என்னென்ன செய்தான், என்னென்ன பேசினான் என்று தனக்கு யாரும் சொல்லவில்லை, தானும் யாரிடமும் கேட்கவில்லை, அதைச் சொல்லிவிட்டுப் போ என்று கேட்டார். சந்தியாகு கட்டின மூட்டையை விட்டுவிட்டு எழுந்தான். இருவரும் நடுமணலுக்குப் போய், காய்கிற வலைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். நாங்கள் கேட்காத மாதிரி இருந்துகொண்டு, வலைகளை உதறுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றோம்.

சந்தியாகு முதலிலிருந்து சொன்னான். விடியலில் வள்ளம் தள்ளும்போதே கிளமெண்ட் சூசையோடு ஒரு வாதத்தைத் தொடங்கிவிட்டான், கடலில் ஓங்கில், அதாவது டால்பின், தூங்குமா தூங்காதா என்று. தூங்காது என்று சூசை சொன்னதற்காகவே தூங்கும் என்று நின்றான், வலை விடுகிறவரை வாதம் ஓயவில்லை. செலின் கட்டிக்கொடுத்த பொரித்த மீனைச் சந்தியாகு பார்க்காத நேரம் பார்த்துத் தின்று தீர்த்துவிட்டு, கடல்காக்கா கொத்திக்கொண்டு போய்விட்டது என்று சத்தியம் செய்தான். மீசையில் மிளகாய்த்தூள் ஒட்டியிருந்தது. மூன்றுபேரும் சிரித்துச் சிரித்து வள்ளம் ஆடியது. மேகம் கறுத்தபோதுகூட அவன் பாட்டுதான் பாடிக்கொண்டிருந்தான். விசிறியில் வலை சிக்கினபோது கத்தியை எடுத்தான். பொறுடே, அலை அடங்கட்டும் என்று சந்தியாகு அவன் தோளைப் பிடித்தான்.

"சிரிச்சான் மாமா," என்றான் சந்தியாகு. "எங்கப்பா கைல பழகுன கத்திண்ணே, ஒரு நொடில அறுத்துட்டு வந்துருவேன்னான். அவ்வளவு பெருமையா சொன்னான். அதுக்கு மேல எனக்குத் தடுக்க வரல. நான் தடுத்திருக்கணும்."

பிறகு தண்ணீருக்குள் நடந்ததைச் சொன்னான். உள்ளே எல்லாம் பச்சையாக இருந்தது, பிறகு கறுப்பாக இருந்தது. ஒருதரம் கிளமெண்டின் சட்டை கைக்கு அகப்பட்டது, இறுக்கிப் பிடித்து இழுத்தான், சட்டை மட்டும் வந்தது. அதற்குப் பிறகு மேலே எது கீழே எது என்று தெரியவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு வராமல் மாமா முகத்தில் முழிப்பதைவிட இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தான், அப்போதுதான் இடுப்பில் கயிறு இறுகியது. அந்தச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருப்பதாகவும், கொண்டுவந்து தரத் தைரியம் இல்லாமல் போயிற்று என்றும் சொன்னான்.

ஓங்கில் தூங்கும் என்றா சொன்னான் என்று அந்தோணிப்பிச்சை கேட்டார். ஆமா மாமா என்றான். தூங்கும், ஒரு கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கும், சின்னதில நான்தான் அவனுக்குச் சொன்னேன் என்றார். சொல்லிவிட்டு எழுந்தார். சந்தியாகு தோள் கொடுத்தான். அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டே வளையத்துக்குள் நுழைந்தார், தெரு நடுவே வந்ததும் கையை எடுத்துவிட்டுத் தனியாக நின்றார், இடப்பக்கம் திரும்பினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்ததைப் பார்த்தோம். அந்த மூச்சில் அவருடைய மகன் முழுசாக இருந்தான், மீசையில் மிளகாய்த்தூளோடு, கையில் எடுத்த கத்தியோடு, அப்பாவைப் பற்றின பெருமையோடு.

"இவந்தாம்ல எம் மவனுக்காகச் செத்துப் பொழச்சவன்!"

அடுப்புகளில் நெருப்பு படுத்து எழுந்தது. அந்தச் சொல் இடமாக நடந்தது. நாங்கள் இருபக்கமும் சுவரோடு ஒட்டி நின்று அதற்கு வழிவிட்டோம். கருப்பியைக் கூப்பிட்ட குரல் அதற்கு ஒதுங்கியது, நான்சென்ஸ்கூட ஒதுங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து மற்றது வந்துகொண்டிருந்தது. ஒரே தொண்டை, ஒரே எடை, ஒரே மகன். வடக்கு வாசலுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், வலை பின்னுகிறவர்கள் உட்காரும் இடத்தில், இரண்டும் நேருக்கு நேர் வந்து முட்டின.

காது அடைத்தது. குழந்தைகள் அழுகிற வாய் தெரிந்தது, அழுகை கேட்கவில்லை. சேவல் கழுத்தை நீட்டியது தெரிந்தது. பிறகு, குழம்பு கொதிக்கிற சத்தம் முதலில் திரும்பி வந்தது, அதன்பின் கோழிகள், அதன்பின் குழந்தைகள். நாங்கள் நின்ற இடத்திலேயே காத்து நின்றோம். அது வருகிற நேரம் வந்தது. அது வரவில்லை. அடுத்த நேரமும் வந்தது. செலின் அம்மியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள், அரைக்கவில்லை.

அந்தோணிப்பிச்சை தெருவிலேயே உட்கார்ந்து மகனுக்காக அழுதார். அதுவரைக்கும் அவர் அழவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சந்தியாகு உள்ளே போய், மடித்து வைத்திருந்த சட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தான். வண்டிக்காரன் வந்து நின்று, எந்தச் சாமானை முதலில் ஏற்ற வேண்டும் என்று கேட்டான். செலின் அவனுக்கு ஒரு டீயைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

ஜெயராக்கினி அடுத்த வாரமே குளிர்த் திரவம் வரவழைத்து, தன் கறுப்பு வளையத்தை மறுபடியும் முதலிலிருந்து குளிர வைக்கத் தொடங்கினார். போன தடவை நான் செய்த தப்புகள் எல்லாம் இப்போது எனக்குத் தெரியும், இந்தத் தடவை சீக்கிரம் வரும் என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். எங்களுக்கும் அதில் சந்தேகம் இல்லை. வளையம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, முழு மனசோடு சொன்னது இன்றைக்கும் சுற்றுகிறது. ஊருக்குப் புதிதாக வருகிற மருமகள்களுக்கு நாங்கள் ஒன்றைத்தான் சொல்கிறோம், கோபம் வந்தால் வெளியே போ, மீறிச் சொல்லிவிட்டால் எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாய் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

காற்று தணிந்து தொழில் தொடங்கின நாளில், சந்தியாகுவும் சூசையும் விடியலில் வள்ளத்தைத் தள்ளப் போனபோது, அந்தோணிப்பிச்சை அவர்களுக்கு முன்பே போய் அங்கே நின்றார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார், தலையில் துண்டு. அணியத்தில், வள்ளத்தின் முன்பக்கத்தில், தான் உட்காரப் போவதாகச் சொன்னார். வயசாகிவிட்டது, உடம்பு தாங்காது என்று சந்தியாகு தயங்கினான்.

"கடலு என்னய மறந்துரும்டே," என்றார் அவர். "தள்ளு."

மூன்றுபேரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் சந்தியாகு கை கொடுத்தான், அந்தோணிப்பிச்சை அந்தக் கையைப் பிடித்து ஏறினார். அவர் போய் அணியத்தில் உட்கார்ந்தபோது வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நேரானது.